ஐசியூவில் மூச்சைப் பார்க்கும் மெஷின்கள்: வாசலில் காத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள்

நான் மதுரையில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். பதினாலு வருடம் ஆகிறது, அதில் பாதிக்கு மேல் நைட் டியூட்டி. ஐசியூ வாசலில் பாய், ஒயர் கூடை, ஃபிளாஸ்க் சகிதம் உட்கார்ந்திருப்பவர்கள் உசிலம்பட்டியோ மேலூரோ சோழவந்தானோ, எந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தாலும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். மூச்சைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஊசி குத்தாமல், உள்ளே குழாய் விடாமல், வெளியிலிருந்தே மூச்சைக் கவனிக்கும் வழிகள். உங்கள் நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும், அதை என்னிடம் கேட்காதீர்கள்.

மானிட்டரில் 99 காட்டுதே, அப்புறம் ஏன் சீரியஸ் என்கிறீர்கள்?

அந்த 99, ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது என்ற கணக்கு. நாங்கள் சாச்சுரேஷன் என்போம். அந்த ஆக்சிஜனை உள்ளே இழுக்க நோயாளி எவ்வளவு பாடுபடுகிறார் என்பது அதில் தெரியாது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஆளைப் பாருங்கள், குடம் நிறைந்துதான் இருக்கும், இறைக்கிறவருக்குக் கை ஓய்ந்துபோனது குடத்தைப் பார்த்தால் தெரியுமா?

சர்க்கரை ரொம்ப ஏறி ரத்தத்தில் அமிலம் கூடிப்போய் வருகிறவர்கள் நிமிடத்துக்கு 35, 38 என்று ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டிருப்பார்கள். நுரையீரலில் ஒரு கோளாறும் இருக்காது, சாச்சுரேஷன் 100 இருக்கும். உடம்பு அமிலத்தைக் குறைக்க கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளப் போராடுகிறது, அவ்வளவுதான். "100 இருக்குல்ல சிஸ்டர், வார்டுக்கு மாத்திருங்க" என்று சொல்லும் மகனிடம் நான் மானிட்டரைக் காட்டமாட்டேன், அப்பாவின் நெஞ்சைக் காட்டுவேன்.

சரி, மூச்சு எவ்வளவு இருந்தால் நல்லது?

பெரியவர்களுக்கு, சும்மா படுத்திருக்கும்போது, நிமிடத்துக்கு 12 முதல் 20. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017ல் திருத்தி வெளியிட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடக் கூட ஆபத்து), மூச்சு 25ம் அதற்கு மேலும் போனாலோ, 8ம் அதற்குக் கீழும் வந்தாலோ, அந்த ஒன்றுக்கே அதிகபட்ச மதிப்பெண்ணான 3 போட்டுவிடுவார்கள். பிரஷர் விழுவதற்கு முன்னாலேயே, சாச்சுரேஷன் இறங்குவதற்கு முன்னாலேயே, மூச்சு எண்ணிக்கை கூட ஆரம்பித்துவிடுவதை நான் எத்தனையோ ராத்திரி பார்த்திருக்கிறேன்.

குழந்தைகள் கணக்கு வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, 2 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இதைத் தொட்டாலே வேகமான மூச்சு.

அந்த எண்ணிக்கையை மெஷின் எப்படி எடுக்குது?

நெஞ்சில் ஒட்டியிருக்கும் அதே ஈசிஜி ஸ்டிக்கர்களை வைத்துத்தான். இது பலருக்கும் தெரியாது, அவை இதயத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். இரண்டு ஸ்டிக்கருக்கு நடுவே உடம்புக்கு உறைக்காத அளவு மிகச் சின்ன மின்சாரம் ஓடுகிறது. காற்று மின்சாரத்தைக் கடத்தாது. நுரையீரலில் காற்று நிறைந்து நெஞ்சு விரியும்போது தடை கூடும், மூச்சை விட்டால் குறையும். அந்த ஏற்ற இறக்கம்தான் மானிட்டரில் கீழ்வரிசையில் அலையாக ஓடுகிறது, பக்கத்தில் ஆர்ஆர் என்று ஒரு எண்.

யோசித்துப் பார்த்தால் ரொம்பக் கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் மானிட்டரில் நான் மிகக் குறைவாக நம்பும் எண்ணும் அதுதான். நோயாளி குளிர்காய்ச்சலில் நடுங்கினால் 50 காட்டும். ஆள் ஒல்லியாக இருந்து மூச்சும் மேலோட்டமாக இருந்தால், இதயம் துடிக்கிற அசைவையே மூச்சு என்று எண்ணிவிடும். மூச்சு 88, நாடித்துடிப்பும் 88 என்று இரண்டும் ஒரே எண்ணாக நின்றால் முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஸ்டிக்கரில் ஜெல் காய்ந்துபோனாலும் இதே கூத்துதான், அதிலும் வியர்த்துக் கொட்டுகிறவருக்கு ஒரு ஷிஃப்டில் இரண்டு தடவை மாற்ற வேண்டிவரும்.

இதெல்லாம் பரவாயில்லை, தவறு என்று கண்டுபிடித்துவிடலாம். மோசமானது இன்னொன்று. நாக்கு பின்னால் சரிந்தோ சளி அடைத்தோ தொண்டை மூடிக்கொண்டால், காற்று உள்ளே போகாமலே நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போடும். மெஷின் அதையும் மூச்சு என்றே எண்ணும். அதற்குத் தெரிந்தது நெஞ்சு அசைகிறது என்பது மட்டும்தான்.

அப்போ நீங்கள் எப்படி எண்ணுவீர்கள்?

கண்ணால், ஒரு முழு நிமிடம். "உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் எவருக்கும் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையையே அவர் வயிற்றின் மேல் சாய்த்து வைத்து எண்ணுவோம். இது டிரெயினிங்கில் சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்த தந்திரம், இன்றைக்கும் இதற்கு மேல் ஒரு வழி எனக்குத் தெரியாது.

எண்ணும்போது கண் சும்மா இருக்காது. கழுத்துத் தசை புடைத்து இழுக்கிறதா, விலாவுக்கு நடுவே குழி விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா. எல்லாவற்றையும்விட, நெஞ்சு மேலே போகும்போது வயிறும் மேலே போகிறதா, இல்லை வயிறு உள்ளே போகிறதா. உள்ளே போனால் உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் மூச்சுத் தசை, களைத்துவிட்டது என்று பொருள், அந்த இடத்தில் நான் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் சார்ட்டில் எழுதுவேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர் ஆஸ்பத்திரி சார்ட்டை எடுத்தாலும் மூச்சு எண்ணிக்கை 18, 20, 18, 20 என்று வரிசையாக நிற்கும். உண்மையான மனிதர்கள் அப்படி மூச்சு விடுவதில்லை. ஒரு நர்ஸுக்கு ஆறு கட்டில் இருந்தால் முழு நிமிடம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்விதான், நானும் ஆரம்ப வருடங்களில் அப்படி எழுதியவள்தான், ஆனால் ஒருதடவை 20 என்று நான் எழுதிய பெரியவருக்கு அடுத்த ரவுண்டில் டாக்டர் எண்ணி 34 என்றார். அதற்குப் பிறகு அப்படி எழுதியதில்லை.

விரலில் மாட்டும் கிளிப்பை நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். சாச்சுரேஷன் எண்ணைத் தருவது அதுதான். அதில் சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் இந்த இரண்டையும் வேறுவேறு அளவில் உறிஞ்சும். விரலில் தோல், எலும்பு, நகம் எல்லாம் இருக்க, ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? துடிக்கிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், துடிப்பது தமனி ரத்தம்தானே. இதை 1974ல் ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த டகுவோ அயோயாகி கண்டுபிடித்துச் சொன்னார். உலகமே அந்தக் கிளிப்பைத் தேடத் தொடங்கியிருந்த 2020 ஏப்ரலில்தான் அவர் இறந்தார்.

துடிப்பு வேண்டும் என்பதுதான் அதன் பலவீனமும். கை சில்லிட்டிருந்தால், பிரஷர் ரொம்ப இறங்கியிருந்தால், எண் தாறுமாறாக வரும். பிரஷர் கஃப் கட்டிய கையிலேயே கிளிப்பும் இருந்தால், கஃப் இறுக்கும்போதெல்லாம் ரத்த ஓட்டம் நின்று எண் விழும், அலாரம் அடிக்கும். பார்க்க வந்த மகள் "ஐயோ 70க்கு வந்துருச்சு" என்று அலறுவதும், கஃப் காற்றை விட்டதும் 97க்கு ஏறுவதும் வாரத்தில் இரண்டு நாள் நடக்கும். சித்திரைத் திருவிழா சமயத்தில் வந்து சேர்ந்த ஒரு அப்பத்தாவுக்குப் பத்து விரலிலும் மருதாணி. சாதாரணச் சிவப்பு மருதாணி அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, கறுப்பாக வரும் கலவை மருதாணியும் அடர்ந்த நகப்பூச்சும்தான் சிக்கல். அவருக்குக் காது மடலில் மாட்டினோம்.

இரண்டு விஷயம் இன்னும் முக்கியம். புகையில் மாட்டிக்கொண்டு வந்தவருக்கு கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால், கிளிப் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொண்டு 98 காட்டும். அதை நம்பி ஆளை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அடுத்தது தோல் நிறம். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கிளிப் நல்ல எண் காட்டியது, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் பக்கத்துக் கருத்த தோலுக்கும் இது யோசிக்க வேண்டிய விஷயம். 92, 93 என்று எல்லையில் நிற்கும் எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் நல்லதுதானே?

எல்லோருக்கும் இல்லை. நாற்பது வருடம் பீடி குடித்தவர்கள், விறகடுப்புப் புகையிலேயே காலத்தைக் கழித்த அம்மாக்கள், இவர்களில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு நாங்கள் வேண்டுமென்றே 88 முதல் 92க்குள் வைத்திருப்போம். மேலே ஏற்றினால் சிலருக்கு உள்ளே கார்பன் டை ஆக்சைடு தேங்கும், ஆள் மந்தமாகி, கை படபடத்து, தூக்கம்போல ஆழ்ந்துவிடுவார். வெளியே மானிட்டரில் 98, "நல்லா தூங்குறார்" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். வார்டில் யாரோ சொந்தக்காரர் பாசத்தில் ஆக்சிஜன் குமிழைத் திருகிவிட்டுப் போய், விடியற்காலை அவர் எங்களிடம் வந்து சேர்ந்த கதை உண்டு. அந்தக் குமிழைத் தொடாதீர்கள்.

மூக்கில் மெல்லிய குழாய் போட்டு மேடு மேடாக ஒரு கோடு ஓடுதே, அது என்ன?

கேப்னோகிராஃபி. வெளிவிடும் மூச்சிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை அளப்பது. அந்தக் குழாய் நோயாளியின் மூச்சில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்து மெஷினுக்கு அனுப்பும், அங்கே அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும். மூச்சின் கடைசியில் 35 முதல் 45 மி.மீ. பாதரசம் இருந்தால் சரியான அளவு.

என்னைக் கேட்டால், தொண்டையில் குழாய் விடாத நோயாளிக்கும் இதைத் தாராளமாகப் போட வேண்டும் என்பேன். காற்று உண்மையிலேயே வெளியே வந்தால்தான் இதில் மேடு வரும், நெஞ்சு சும்மா அசைந்து ஏமாற்ற முடியாது. ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும் ஆளுக்கு மூச்சு நின்றுபோனாலும் சாச்சுரேஷன் இறங்கச் சில நிமிடம்கூட ஆகலாம், இந்தக் கோடோ அடுத்த மூச்சிலேயே தட்டையாகிவிடும். வலிக்கும் தூக்கத்துக்கும் ஊசி போட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேட்டின் வடிவமும் பேசும், மேல்பக்கம் சமதளமாக இருந்தால் காற்று தடையில்லாமல் வருகிறது, சுறாவின் துடுப்பு மாதிரி சாய்வாக ஏறினால் ஆஸ்துமா போல உள்ளே மூச்சுக்குழாய்கள் இறுகியிருக்கின்றன.

குறையும் உண்டு. வாயால் மூச்சு விடுகிறவரிடம் மூக்குக் குழாய் பாதியைத் தவறவிடும். ஆக்சிஜன் வேகமாகப் போனால் அளவு நீர்த்துப்போகும். எண்ணை அப்படியே நம்பாமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கைப் பார்க்க வேண்டும்.

பாம்பு கடித்தவரை ஏன் அரை மணிக்கு ஒருதரம் எழுப்பி ஒன்று இரண்டு எண்ணச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். தூங்க விடாமல் தொல்லை பண்ணுவதாகச் சண்டைக்கு வருவார்கள்.

நாகமும் கட்டுவிரியனும் நரம்பு வழியாகத் தசையைச் செயலிழக்க வைக்கும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், பல் பட்ட தடமே தெரியாது, வீக்கமும் இருக்காது. விடிந்து வயிற்று வலி என்று வருவார்கள், கண் இமை கீழே இறங்கியிருக்கும். அங்கிருந்து தொண்டை, கழுத்து, கடைசியில் மூச்சுத் தசை. இந்த இறக்கத்தில் மூச்சு ஒவ்வொன்றும் சிறிதாகிக்கொண்டே போகும், சாச்சுரேஷன் மட்டும் கடைசிப் படிவரை நன்றாகவே இருக்கும். அதனால்தான் எண்ணச் சொல்கிறோம். ஆழமாக ஒரு மூச்சை இழுத்து, நிறுத்தாமல் அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக. நல்ல உடம்புக்காரர் 30, 40 என்று தாண்டிப் போவார். 20க்குக் கீழே வந்தால் உஷாராவோம், 10 பக்கம் வந்தால் தொண்டையில் டியூப் போடும் டிரே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு 28 எண்ணினார், பதினொன்றுக்கு 22, பன்னிரண்டரைக்கு 13. சாச்சுரேஷன் மூன்று தடவையும் 98. காசு செலவில்லாத, கரண்டு வேண்டாத கருவி இது, கபடி ஆடிய ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதும் சுலபம்.

பூச்சிமருந்து உள்ளே போனவர்களுக்கும் இதையே செய்வோம். முதல் நாள் தாண்டி ஆள் தெளிந்து பேச ஆரம்பித்த பிறகு, 24 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் நடுவில், திடீரென்று கழுத்தும் மூச்சும் தளரும் ஒரு கட்டம் சிலருக்கு வரும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வது அதற்காகத்தான். "நல்லா பேசுறாரே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று இரண்டாம் நாள் கையெழுத்துப் போட வருபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, பாம்பு விஷத்தில் கண் திறக்க முடியாமல் கிடப்பவருக்குக் காது நன்றாகக் கேட்கும். தலைமாட்டில் நின்று ஒப்பாரி வைக்காதீர்கள், பேரைச் சொல்லிப் பேசுங்கள்.

முகத்தில் இறுக்கிக் கட்டும் மாஸ்க் மெஷினும் இந்த வகைதானா?

இல்லை. அது பைபாப், மூச்சு விட உதவும் மெஷின். இங்கே சொல்வதெல்லாம் மூச்சைக் கவனிப்பவை. குழாய் விடாமல் செய்வது என்பதால் இரண்டையும் ஒரே பேரில் குழப்பிக்கொள்கிறார்கள்.

மூக்கில் வேகமாக ஆக்சிஜன் விட்டு, ஏதோ கணக்குப் போட்டுப் பார்க்கிறார்களே?

ஹை ஃபுளோ போட்டவர்களுக்கு ராக்ஸ் என்று ஒரு கணக்கு உண்டு. சாச்சுரேஷனை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்து, வருவதை மூச்சு எண்ணிக்கையால் வகுப்பது. சாச்சுரேஷன் 92, ஆக்சிஜன் 60 சதவீதம், மூச்சு 30 என்றால் 5.1 வரும். 4.88க்கு மேல் நின்றால் டியூப் இல்லாமல் தாண்ட வாய்ப்பு அதிகம் என்பது ஆய்வுகளில் வந்த எல்லை. அதே ஆளுக்கு மூச்சு 40 என்றால் 3.8 ஆகிவிடும். அதாவது மூச்சைத் தப்பாக எண்ணினால் கணக்கு மொத்தமும் தப்பு, நான் ஏன் எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று இப்போது புரியும்.

இதைவிடப் புதிய மெஷின்கள் இல்லையா?

இருக்கின்றன. நெஞ்சைச் சுற்றி 16 அல்லது 32 மின்முனை வைத்த பெல்ட் கட்டி, நுரையீரலில் எந்தப் பகுதிக்குக் காற்று போகிறது, எது சுருங்கிக் கிடக்கிறது என்று கட்டிலிலேயே படமாகக் காட்டுவது ஒன்று, எல்லா இடத்திலும் இல்லை. கழுத்தில் ஒட்டி மூச்சுச் சத்தத்தைக் கேட்டு எண்ணும் சென்சார், தொடாமலே ரேடாரிலோ கேமராவிலோ நெஞ்சசைவைப் பார்ப்பது எல்லாம் உண்டு. மெத்தைக்கு அடியில் விரித்து மூச்சசைவை உணரும் தகடு சாதாரண வார்டுக்கு நல்ல யோசனை. ஐசியூவில் அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்துக்கொண்டே இருப்போம், அங்கே அதன் எண்ணை யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தைகளுக்குத் தோலைச் சூடாக்கி அதன் வழியே கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சென்சார் பல வருடமாகவே இருக்கிறது, தோல் சிவக்காமலிருக்க இடத்தை மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்தது அல்ட்ராசவுண்டு. நெஞ்சில் வைத்து இரண்டு நிமிடத்தில் நீர் கோத்திருக்கிறதா, காற்று அடைத்திருக்கிறதா, உதரவிதானம் இறங்குகிறதா என்று டாக்டர் பார்த்துவிடுவார். கதிர்வீச்சும் கிடையாது.

இவ்வளவு இருந்தும் ஏன் மணிக்கட்டில் குத்தி ரத்தம் எடுக்கிறீர்கள்?

அது ஏபிஜி, தமனி ரத்தத்தில் இருக்கும் வாயுக்களைப் பார்க்கும் பரிசோதனை. ரத்தத்தில் அமிலம் எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடு சரியாக எவ்வளவு என்பதை வெளியிலிருந்து பார்க்கும் எதுவும் அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லாது. வலிக்கும், தெரியும். மற்றவற்றை ஒழுங்காகப் பார்த்தால் குத்தும் தடவை குறையும்.

அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கு, யாருமே வரலையே?

பாதிக்கு மேல் ஸ்டிக்கர் கழன்றது, கிளிப் நழுவியது, கை ஆட்டியது. நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு எங்கள் காதும் மரத்துப்போகிறது என்பது உண்மை, அது ஆபத்து என்பதும் உண்மை. ஆளைப் பொறுத்து அலாரம் எல்லையை மாற்றி வைத்தால் வெட்டிச் சத்தம் குறையும், அதைச் செய்யாமல் சத்தத்தை அமுக்குவது தப்பு. நீங்கள் தயங்காமல் கூப்பிடுங்கள். "ஒன்றுமில்லம்மா" என்று பத்து தடவை சொன்னாலும் பதினொன்றாவது தடவையும் கூப்பிடுங்கள்.

உள்ளே விடும் அந்த ஐந்து நிமிடத்தில் நான் என்ன பார்க்கலாம்?

மானிட்டரை விட்டுவிடுங்கள், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். கையைப் பிடித்துக்கொண்டு, நேற்று எப்படிப் பேசினார், இன்றைக்கு எத்தனை வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்குகிறார் என்று கவனியுங்கள். அவர் சாதாரணமாக எப்படி மூச்சு விடுவார், குறட்டை எப்படி இருக்கும் என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். திருமங்கலம் பக்கத்து அம்மா ஒருவர், "இவரு தூங்கும்போது வாய் பொளந்துதான் கிடப்பாரு, இன்னிக்கு இறுக்கி மூடியிருக்காரு சிஸ்டர், எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றார். கிளிப்பில் 96. நான் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன், 31.